தைலமரத் தோப்பில் ஒரு கைமா

என் வீட்டுக்காரர் குவைத்தில் ஒரு குடும்பத்துக்கு வீட்டு டிரைவராக இருந்தார். எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து கல்லூரிக்குப் போகும்வரை அங்கேதான். நடுநடுவே லீவில் வந்து போவார். குளிர்காலம் வந்தால் அந்த முதலாளி குடும்பம் பாலைவனத்தில் கூடாரம் போட்டு வாரக்கணக்கில் தங்கும். கூடாரம் அடிப்பது, ஜெனரேட்டர் பார்ப்பது, தண்ணீர் கொண்டுவருவது எல்லாம் இவர் வேலை. அப்போது எனக்குப் படம் அனுப்புவார். உள்ளே கம்பளம் விரித்து, ஓரமாகத் திண்டுகள் போட்டு, நடுவில் விளக்குத் தொங்கும்.

"இது கைமா" என்றார் முதல் தடவை.

எனக்குத் தெரிந்த கைமா கொத்துக்கறிதான். ஏதோ சமைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, "என்ன போட்டுச் செஞ்சாங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. அரபியில் கூடாரத்துக்குக் கைமா என்று பேராம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் அதுவே பேராகிவிட்டது.

ஒரேயடியாக ஊருக்கு வந்ததும் ஒரு குட்டியானை வண்டி வாங்கி அறந்தாங்கியில் லோடு அடிக்க ஆரம்பித்தார். நான் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், புர்கா, ஜன்னல் திரை என்று வருவதையெல்லாம் தைப்பேன். அவர் வந்து சில மாதங்கள் கழித்து ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"நாமளும் ஒரு தடவை போயிட்டு வருவோம்."

"எங்கங்க?"

"எங்கேயாவது. வெளிய கைமா போட்டு ஒரு ராத்திரி படுத்துட்டு வருவோம். நீ, நான், புள்ள."

அன்றைக்கு அவருடைய அக்காவும் வீட்டில் இருந்தார். "பாடுபட்டு ஒரு வீட்டக் கட்டிட்டு, எவனாவது காட்டுல போய்ப் படுப்பானா?" என்றார். எனக்கும் அதே கேள்விதான். ஆனால் அவர் எதையும் அப்படி ஆசைப்பட்டுக் கேட்கிற ஆள் இல்லை. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மகள் செல்போனில் பார்த்து ஒரு கூடாரத்தை வரவழைத்தாள். கவிழ்த்த சட்டி மாதிரி சின்னதாக, பளபளப்பான துணியில் இருந்தது. அதை ஹாலிலேயே விரித்து நிறுத்தினோம். அவர் உள்ளே போய் ஜிப்பை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சட்டை நனைந்து வெளியே வந்தார்.

"இது குளிர்ல கெடக்கிறவங்களுக்குத் தச்சது. நம்மூர்ல இதுக்குள்ள இட்லி அவிக்கலாம்."

மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டோம். அப்புறம் அவர் என் மெஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

முதலில் லாரித் தார்ப்பாயில் தைத்துப் பார்த்தோம். ஊசி இரண்டு தையலுக்குள் ஒடிந்தது. துணியை மெஷினுக்குள் தள்ளவே ஒரு ஆள் தேவைப்பட்டது. தார் வாசம் வீடு முழுக்க அடித்ததில் பிளவுஸ் தைக்க வந்த பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அதை மடித்துப் போட்டுவிட்டுக் காடாத் துணிக்கு வந்தோம். காடா கனமில்லை, காற்றும் புகும்.

கூரை இரண்டடுக்காக இருக்கவேண்டும் என்றார் அவர். கீழே காடா, அதற்கு ஒரு சாண் மேலே பிளாஸ்டிக் சீட்டு. "ரெண்டுக்கும் நடுவுல காத்து ஓடணும். அப்பத்தான் வெயிலு எறங்காது." சுவரின் கீழ்ப்பாதி காடா, மேல்பாதி கொசுவலை. குளிரடித்தால் இறக்கிவிட ஒரு மடிப்பு, வேண்டாவிட்டால் சுருட்டி நாடாவால் கட்டிக்கொள்ளலாம்.

மெஷின் வேலையில் அவருக்கு ஒன்றும் தெரியாது. கூடாரத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் நிறையச் சண்டை வந்தது. கூரைத் துண்டுகளை நான் சுடிதார் மாதிரி உள்பக்கம் சேர்த்துத் தைத்து வைத்திருந்தேன். அவர் விரலை வைத்துப் பார்த்து, "இதுவழியா தண்ணி எறங்கிரும். ஓடு அடுக்குற மாதிரி ஒன்னு மேல ஒன்னு ஏறணும்" என்றார்.

"ஜீன்ஸ் பேன்ட்டு தையல்னு மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே."

எல்லாவற்றையும் பிரித்தேன். துணியின் ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டு, அதன்மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, பழைய துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். மெழுகு உருகித் துளைகளை அடைத்துக்கொண்டது. கயிறு இழுக்கிற மூலைகள் கிழியும் என்பது எனக்கே தெரிந்தது. மகளுடைய பழைய ஜீன்ஸை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தேன். ஃபிளெக்ஸ் பேனருக்கு ஓட்டை அடிக்கிற கடையில் கொண்டுபோய் அவர் வளையம் அடித்து வந்தார்.

அந்தக் கடையிலேயே ஒரு பழைய பேனரையும் தரைக்கு விரிக்க வாங்கி வந்திருந்தார். அது யார் வீட்டிலோ நடந்த காதணி விழா பேனர். மொட்டையடித்த குழந்தை ஒன்று அதில் சிரித்துக்கொண்டிருந்தது. "அந்தப் பாப்பா மூஞ்சி மேல நான் படுக்கமாட்டேன்" என்றாள் மகள். பேனரைக் கவிழ்த்துப் போட்டுக்கொள்வதென்று முடிவானது.

மொட்டைமாடியில் நிறுத்திப் பார்த்தபோது, கால்களுக்கு வைத்த பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் காற்றில் வில்லாக வளைந்து கூடாரம் எங்கள் மேலேயே உட்கார்ந்தது. அக்கம்பக்கத்து மாடிகளில் துணி காயப்போட வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பிறகு சவுக்குக் கழிக்கு மாற்றினோம். சவுக்குதான் கடைசிவரை நின்றது.

எல்லாம் முடிகிற நேரத்தில் நான் என் கேள்வியைக் கேட்டேன்.

"கக்கூஸுக்கு என்ன செய்யப் போறீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "அங்க எல்லாம் தனியா ஒரு ரூமு வண்டியில வச்சுக் கொண்டுவந்துருவாங்க."

"இங்க நமக்கு யார் கொண்டுவருவா?"

"ஒரு ராத்திரிதானே..."

"ஒங்களுக்கு ஒரு ராத்திரி. எனக்கும் புள்ளைக்கும் அப்படி இல்ல. அதுக்கு வழி பண்ணாம நாங்க வரமாட்டோம்."

சரி என்றார். ஆனால் அதை எப்படிச் செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். குவைத் யோசனை எதுவும் இல்லாமல், முழுக்க என் மண்டையில் வந்தது அது ஒன்றுதான்.

நாங்கள் போகப்போவது திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு தைலமரத் தோப்பு. அவரோடு குவைத்தில் வேலை பார்த்த ஒருவருக்குச் சொந்தமானது. அந்த ஆள் இன்னும் குவைத்தில்தான் இருக்கிறார். "நம்ம எடம்தான், தாராளமாப் போய்த் தங்குங்க" என்று போனில் சொல்லியிருந்தார், இடத்தின் படத்தையும் அனுப்பியிருந்தார். மரத்துக் கிளையில் கயிறு போட்டு, ஒதுங்க ஒரு மறைப்புத் திரையைத் தொங்கவிடலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். படத்தைப் பார்த்த மகள், "அம்மா, இதுல கெளையே இல்லயே" என்றாள். தைலமரம் குச்சி மாதிரி நேராக மேலே போகிறது. அடியில் புல்கூட முளைப்பதில்லை. இந்தப் பக்கம் நின்றால் தோப்பின் அந்தப் பக்கம் தெரியும். ஒதுங்க மறைவென்று அங்கே ஒரு புதர்கூடக் கிடையாது.

அதனால் திரைக்குச் சொந்தக் கால்கள் வேண்டியிருந்தன. மூன்று மெல்லிய சவுக்குக் கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கீழே அகட்டி வைத்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயை வளைத்து வட்டமாக்கி, தலைக்கு மேலே வருகிற உயரத்தில் கழிகளோடு கட்டினேன். அந்த வட்டத்திலிருந்து திரை தொங்கும். உள்ளே இருப்பவரின் நிழல் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகக் கரும்பச்சைத் திரைத் துணியை இரண்டடுக்காகத் தைத்தேன். வாசல் பக்கம் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏறி வரும்படி துணியை அதிகம் விட்டேன். முதுகு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வீட்டில் கிடந்தது. அவர் கத்தியைச் சூடாக்கி அதன் நடுவில் ஓட்டை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தார். கீழே ஒரு வாளி. பக்கத்தில் மரக்கடையிலிருந்து வாங்கிய மரத்தூள் ஒரு சாக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு அள்ளு தூவினால் வாடை இருக்காது, பிறகு குழிவெட்டிப் புதைத்துவிடலாம்.

தை மாசத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். அரிமளம் வழியாகப் போய்ச் சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துக்குத் தோப்புக்குச் சேர்ந்துவிட்டோம். பக்கத்தில் ஒரு கண்மாய் தண்ணீரோடு கிடந்தது. காற்று நன்றாக இருந்தது.

அவர் வெல்டிங் கடையில் நீள நீளமான கம்பி முளைகள் வெட்டி வைத்திருந்தார். முதல் முளையைச் சுத்தியலால் அடித்தார். ஒரு விரற்கடை இறங்கி நின்றது. இன்னும் ஓங்கி அடித்தார். முளை வளைந்தது. இடம் மாற்றி அடித்தும் அதே கதைதான். மேலே கொஞ்சம் செம்மண், கீழே முழுக்கச் செம்பாறை. இத்தனை வருஷமும் மணலில் அடித்த கை அவருடையது. முளை இறங்காமல் போகும் என்ற நினைப்பே அவருக்கு வந்திருக்காது. வளைந்த கம்பிகளைப் பக்கத்தில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுக்குப் போயிருவோமா?" என்று கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் திரும்பிப் போக மனசில்லை. வண்டியில் சாமான் கட்டிவந்த அரிசிச் சாக்குகள் கிடந்தன. "புதுக்கோட்டைச் சீமையில கல்லுக்கா பஞ்சம்?" என்று சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு கல் பொறுக்கப் போனேன். சாக்குகளில் கல்லை நிரப்பி வாயைக் கட்டினோம். முளைக்குப் பதிலாக மூலைக்கு ஒரு சாக்கு வைத்துக் கயிற்றை அதில் இழுத்துக் கட்டினார். ஆடாமல் நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கம்பி முளைகளை நாங்கள் எங்கேயும் கொண்டுபோனதில்லை.

தைலமரச் சருகு பெட்ரோல் மாதிரி பிடிக்கும் என்பதால் அடுப்பைத் தோப்புக்கு வெளியே வெறும் பாறையில் வைத்தோம். அதுவும் நாங்கள் செய்ததுதான். பெரிய எண்ணெய் டின்னுக்குள் ஒரு சின்ன டின்னை இறக்கி, நடுவில் சாம்பலைத் திணித்து, அடியில் காற்றுக்கு ஓட்டை போட்டது. நாலு சுள்ளியில் டீ கொதித்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன கறியை அதிலேயே சூடுபண்ணிச் சாப்பிட்டோம். மகள் சீக்கிரமே தூங்கிவிட்டாள். கொசு ஒன்றுகூட உள்ளே வரவில்லை. வலையை நெருக்கித் தைத்ததற்கு அதுவே கூலி என்று நினைத்துக்கொண்டு நானும் தூங்கினேன்.

விடிகாலை சுபுஹு தொழுகை நேரத்துக்கு விழிப்பு வந்தது. அவர் படுத்த இடம் காலியாக இருந்தது. ஒதுங்கப் போயிருப்பார் என்று கொஞ்சம் பார்த்தேன். வரவில்லை. வெளியே வந்தேன். மேல்கூரைப் பிளாஸ்டிக்கில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. அவர் குட்டியானையில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே, கைலியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைத் தட்டினேன். திடுக்கென்று எழுந்து சாவியில் கை வைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"உள்ள ஏங்க படுக்கல?"

"படுத்தேன். தூக்கம் வரல."

"எடம் பத்தலயா?"

"அதெல்லாம் இல்ல." கதவைத் திறந்து எனக்கு இடம் விட்டார். ஏறி உட்கார்ந்தேன். அவரே சொன்னார். "அங்க கைமாவக் கட்டி, கம்பளத்த விரிச்சு, வெளக்கப் போட்டாச்சுன்னா என் வேல முடிஞ்சிரும். அப்புறம் வண்டிக்கு வந்துருவேன். கூப்புட்டா உடனே எடுக்கணும்ல. வண்டிதான் எனக்கு."

"எல்லா வருஷமுமா?"

"எல்லா வருஷமும்தான்."

"நீங்க அனுப்புன படமெல்லாம்?"

"அது அவங்க வர்றதுக்கு முந்தி எடுத்தது."

அந்தப் படங்களை நான் எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறேன். இவர் அந்தத் திண்டில் சாய்ந்து டீ குடிக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குளிரில் கஷ்டப்படவில்லை என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. சொல்லியிருந்தால் நான் இங்கே ஊரில் நிம்மதியாகத் தூங்கியிருக்கமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் அவருடைய கைலியில் பாதியை இழுத்து நானும் போர்த்திக்கொண்டேன். வெளிச்சம் வரும்வரை இரண்டு பேரும் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

"இப்ப யாரும் ஒங்களக் கூப்புடமாட்டாங்க" என்றேன்.

"தெரியுது. ஒடம்புக்குத் தெரியணும்ல" என்றார்.

ஒரு காட்டுக்கோழிச் சத்தம் கேட்டது. அவர் இறங்கி அடுப்புப் பற்றவைக்கப் போனார்.

வெயில் ஏறிய பிறகு கண்மாய்ப் பக்கமிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. நூறு நாள் வேலைப் பெண்கள் மண்வெட்டியும் சட்டியுமாக, கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலை வெட்ட வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதானே, வேலை இருக்காது, யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தோம். விட்டுப்போன ஒரு நாள் வேலையை அன்றைக்குச் செய்கிறார்களாம். எங்களைப் பார்த்ததும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். கூடாரத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். வீடு இல்லாமல் வந்து கிடக்கிறோமோ என்று அவர்களுக்குச் சந்தேகம். சும்மா படுத்துப் பார்க்க வந்தோம் என்று மகள் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை.

அவர்களில் என் வயசு இருக்கிற ஒரு அம்மா மட்டும் தள்ளி நின்ற பச்சைத் திரையைப் பார்த்தார்.

"அது என்னங்க? குளிக்கிற எடமா?"

"இல்லங்க. ஒதுங்குறதுக்கு."

அவர் திரையை விலக்கி உள்ளே பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், மரத்தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். மற்றவர்களைக் கூப்பிட்டார். "ஏய், இங்கிட்டு வாங்கடி." எல்லாரும் கூடாரத்தை விட்டுவிட்டு அங்கே போனார்கள்.

"நாங்க காலையில வீட்டுல போனா, அப்புறம் வீட்டுக்குப் போனாத்தான்" என்றார் அந்த அம்மா. "இந்த மரத்துல என்ன மறைவு இருக்கு? முந்தி கருவேலங்காடா கெடந்தப்பகூடப் பரவால்ல. தண்ணி கொண்டாருவோம், குடிக்கமாட்டோம். இவளுக்கு அதுனாலயே நீர்க்கடுப்பு."

அவர் காட்டிய பெண் தலையைக் குனிந்து சிரித்தாள்.

"போறதுன்னா போங்க" என்றேன். "தண்ணி உள்ளயே இருக்கு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் நீர்க்கடுப்புப் பெண்தான் போனாள். அதற்குப் பிறகு வரிசை நின்றது. என் வீட்டுக்காரர் விஷயம் புரிந்து கண்மாயின் மறுகரைக்கு நடந்துவிட்டார்.

அவர்கள் கேட்கவில்லை. ஆனால் மத்தியானம் சாமான்களைக் கட்டும்போது பச்சைத் திரையை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. அவரிடம் சொன்னேன். "விட்டுட்டு வா, வேற தச்சுக்கலாம்" என்றார். அந்த அம்மாவிடம் போய், எப்படிக் கழற்றுவது, எப்படி நிறுத்துவது, எங்கே புதைப்பது என்று காட்டிக் கொடுத்தேன். செல் நம்பரையும் கொடுத்தேன்.

பத்துப் பதினைந்து நாளில் போன் வந்தது. காற்றடித்தால் திரை பாவாடை மாதிரி தூக்கிவிடுகிறதாம். "உள்ள இருக்கிறவ மானம் போவுதுங்க" என்று சொல்லி அவரே சிரித்தார். நான் அதை யோசிக்கவே இல்லை. அடுத்துத் தைத்த திரையில் கீழ் மடிப்புக்குள் இரும்பு வாஷர்களை வரிசையாக வைத்துத் தைத்தேன். ரப்பர் குழாய் வெயிலில் இளகித் தொய்ந்துபோனது, அதற்குப் பதில் கம்பி வளையம் வைத்தோம். கழிகளை ஸ்கூட்டியில் கொண்டுபோக முடியவில்லை என்று சொன்னார்கள். என் வீட்டுக்காரர் கழியை இரண்டாக வெட்டி, இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை மூட்டாகச் செருகிக் கொடுத்தார். அந்தக் கம்பி முளைகளை வெட்டிக் கொடுத்த வெல்டிங் கடைக்காரர், "கூடாரம் போச்சா, இப்ப இதுவா?" என்று கேட்டாராம்.

ஒரு ஊரில் வைத்திருந்ததைப் பார்த்துப் பக்கத்து ஊரில் கேட்டார்கள். நாற்று நடப் போகிற பெண்கள் கேட்டார்கள். ஆவுடையார்கோவில் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்கிற பெண்கள் ஒன்று வாங்கிப் போனார்கள். பிளவுஸ் தையலுக்கு நடுவே அந்தப் பச்சைத் துணியும் எப்போதும் என் மேசையில் கிடக்கிறது. எல்லா ஊரிலும் அது ஓடிவிடவில்லை. ஒரு இடத்தில் வாளியை யார் கொட்டுவது என்று சண்டை வந்து, திரையைக் கொண்டுவந்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முறை வைத்துச் செய்கிற இடங்களில் மட்டும் நிலைத்திருக்கிறது.

நாங்களும் கைமாவைத் தூக்கிக்கொண்டு போகத்தான் செய்கிறோம். இரண்டாவது தடவை கடற்கரைப் பக்கம் போனோம். கிளம்பும்போதே நான் வண்டிச் சாவியைக் கேட்டு வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்குக் கைமாவின் வாசலோரம், காலை வெளியே நீட்டிக்கொண்டு, தலை மட்டும் உள்ளே இருக்கிற மாதிரி படுத்தார். விடியும்போது பார்த்தேன், அப்படியேதான் இருந்தார். கால் முழுக்க மணல். வாய் லேசாகத் திறந்திருந்தது. தொழுகைக்கு எழுப்பவேண்டும் என்று நினைத்து, கொஞ்சம் பொறுத்து எழுப்பலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

இந்த மாசம் அந்தத் திருமயத்து அம்மா வீட்டுக்கே வந்திருந்தார். ஒரு பை நிறையப் பச்சைக்கடலை கொண்டுவந்தார். கழி மூன்றையும் ஒரு ஆள் தனியாக நிறுத்துவது சிரமமாக இருக்கிறதாம். குடை மாதிரி ஒரே விரிப்பில் விரிகிறாற்போல் செய்யமுடியுமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் உடனே பழைய குடை ஒன்றைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தார். மகள் கடலையை அவிக்க வைத்தாள். குடைக் கம்பி அவ்வளவு துணியைத் தாங்காது என்று நான் சொன்னேன். தாங்கும் என்றார் அவர். அந்த அம்மா குடையின் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.